பொன்னிலே ஓர் ஒட்டு



உங்கள் வீட்டிலே பழைய மோதிரம் ஒன்று இருக்குமாயின், அதை எடுத்து உட்புறத்தை வெளிச்சத்திலே திருப்பிப் பாருங்கள். முகப்புக்கு நேர் எதிரே, விரலின் அடிப்பக்கத்திற் படியும் இடத்திலே, மயிரிழை போன்ற கோடு ஒன்று தெரியலாம். சில மோதிரங்களில் இரண்டு கோடுகள், சிறிது இடைவெளி விட்டுத் தெரியும். ஒரு கோடு மட்டும் இருந்தால், அது மோதிரத்தை முதன்முதல் வளைத்துப் பொருத்திய இடமாக இருக்கலாம். அல்லது பெரிய மோதிரத்தை வெட்டிச் சிறிதாக்கிய இடமாக இருக்கலாம். இரண்டு கோடுகள் இருந்தால், இடையிலே பொன் துண்டு ஒன்றை வைத்து மோதிரத்தைப் பெரிதாக்கியிருக்கின்றார்கள் என்று கொள்ளலாம். நகை விற்போர் இதனைக் குறை என்பர். விலையையும் குறைத்துக் கேட்பர். வரலாறு கற்பிப்பதிலே வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்த எனக்கோ அது ஒரு சாசனமாகவே தோன்றுகின்றது. அந்த ஒட்டுக்குள்ளே அடங்கியிருக்கும் யாழ்ப்பாணத்து வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

நகை என்றவுடன் அதனை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் முதலில் நமது குடாநாட்டின் இயல்பை நினைத்துப் பார்த்தல் வேண்டும். இங்கே வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து தோண்டிய கிணற்று நீரே பயிருக்கும் உயிருக்கும் ஆதாரம். காணியோ சிறிது, தலைமுறை தோறும் பங்கிடப்பட்டு மேலும் சிறுத்தது. இந்நிலையிலே மழை பொய்த்தாலும், வீட்டுத் தலைவன் கடல் கடந்து சென்று கடிதம் வரத் தாமதித்தாலும், குடும்பத்தைத் தாங்கி நின்றது பெட்டகத்துள் இருந்த பொன். ஆயினும் அந்தப் பொன் யாருடையது என்ற வினாவே முக்கியமானது. அதற்கு விடை தேடுவோமாயின் ஒல்லாந்தர் காலத்துக்குச் செல்லல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்துத் தருமாறு ஒல்லாந்த தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் கட்டளையிட்டார். அதன்படி யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1706 ஆம் ஆண்டிலே அவற்றை எழுதி முடித்தார். அந்நூல் தமிழிலே பெயர்க்கப்பட்டு, முதலியார்கள் பன்னிருவரிடம் காட்டப்பட்டு, அவர்கள் சரியென ஒப்பிய பின்னர் 1707 இல் நடைமுறைக்கு வந்தது. அதுவே தேசவழமை. பின்னர் ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தினாலே அதற்கு மீண்டும் சட்ட வலிமை அளித்தனர்.

தேசவழமை சொத்தினை மூவகையாகப் பிரிக்கின்றது. வழிவழியாக வருவது முதுசம். பெண்ணுக்கு மணத்தின்போது கொடுக்கப்படுவது சீதனம். மணமானபின் இருவரும் ஈட்டுவது தேடிய தேட்டம். தாயின் சீதனம் பெண்மக்களின் சீதனமாக இறங்கிச் செல்லுதல் பழைய முறை. சீதன உறுதியிலே காணியும் பணமும் எழுதப்படுவதோடு நகையும் எழுதப்படுவது வழக்கமாயிற்று. இவையெல்லாம் நேயர்களிற் பலர் அறிந்தவையே.

பலரும் கவனியாத ஒரு விதி அந்நூலிலே உண்டு. பெற்றோர் உயிரோடிருக்கும் வரையில், மணமாகாத ஆண்மக்கள் தாம் உழைத்துத் தேடிய யாவற்றையும் குடும்பப் பொதுவிலே சேர்த்துவிடல் வேண்டும் என்று தேசவழமை விதிக்கின்றது. தந்தையின் உரிமை அவ்வளவு பெரிது. அத்தகைய கடுமையான விதியும் ஒரு பொருளுக்கு விலக்கு அளிக்கின்றது. மகன் தன் உடம்பிலே அணிந்துவந்த பொன், வெள்ளி ஆபரணங்களை அவனிடமிருந்து கேட்டல் ஆகாது. அவன் தானே தேடியவையாயினும், பெற்றோர் கொடுத்தவையாயினும், அவை அவனுக்கே உரியன. இதன் கருத்தை உற்று நோக்குங்கள். மேனியிலே அணிந்த நகை அணிந்தவரின் மேனியோடு சேர்ந்தது. பெற்ற தந்தைக்கும் அதிலே கைவைக்க உரிமையில்லை என்பது முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணிலே ஒப்புக்கொள்ளப்பட்ட நியாயம்.

பெண்களின் நிலை யாது? இங்கே 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை நாம் பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தவரின் விவாக உரிமைகளையும் உரிமையிறக்கத்தையும் பற்றிய சட்டம் அது. அதன்படி, மணமான பெண் தனக்குரிய காணியையோ வீட்டையோ விற்கவும் நன்கொடையளிக்கவும் கணவனின் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெறல் வேண்டும். அவன் நியாயமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடல் வேண்டும். இக்கட்டுப்பாடு இன்றுவரை நீங்கவில்லை. ஆனால், அசையும் பொருளுக்கு இக்கட்டு இல்லை. அதனை அவள் தன் விருப்பப்படி கொடுக்கலாம், விற்கலாம். அசையும் பொருளிலே பெறுமதி மிக்கது எது? நகையே. ஆகவே, சீதனமாக வந்த பனங்காணியை ஆள ஒருவரின் கையெழுத்தை எதிர்பார்த்து நின்ற பெண், தன் கையிற் கிடந்த காப்பை ஆள எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. நம் பாட்டிமார் நகைமீது கொண்டிருந்த பற்றைப் பெண்களுக்கே உரிய ஆசை என்று எள்ளி நகையாடியவர்கள் இந்தச் சட்டத்தைப் படித்ததில்லைப் போலும்.

அந்த நகையைச் செய்தும், திருத்தியும், காலத்துக்கேற்ப அளவு மாற்றியும் கொடுத்தவர் பத்தர். தட்டாதெரு என்ற பெயரிலே அவர்களின் தொழில் இன்றும் நிலைத்திருக்கின்றது. கன்னாதிட்டியும் கஸ்தூரியார் வீதியும் நகைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இடங்கள். திருமண வீடுகளிலே பத்தருக்குத் தனியிடம் இருந்தது. பொன்னுருக்கு என்னும் சடங்கை நேயர்கள் அறிவீர்கள். நல்ல நாளிலே, மணமகன் வீட்டிலே, பூசையில் வைத்த பொன்னைச் சபையறிய நெருப்பிலிட்டு உருக்குவார் பத்தர். உருகிய பொன்னைத் தட்டிலே வைத்து வந்தோர் அனைவருக்கும் காட்டுவர். அந்தப் பொன்னே தாலியாகும். இன்று பெரும்பாலும் அடையாளமாகச் சிறு பொன்னையே உருக்குகின்றார்கள். ஆயினும் அச்சடங்கின் உட்பொருள் தெளிவானது: நாளை ஒரு பெண்ணுக்கு உரியதாகப் போகும் பொன் இன்னது என்பதற்கு ஊரே சாட்சி.

அப்பொன்னின் அளவு பவுண். இச்சொல் நம்மிடம் வந்த கதையும் சுவையானது. பிரித்தானிய அரசு 1817 முதல் வெளியிட்ட பொன் நாணயத்தின் நிறை ஏறத்தாழ 8 கிராம்; மாற்று 22 கரட். அதாவது, ஆயிரத்திற் 916 பங்கு பொன்னும் எஞ்சியது பெரும்பாலும் செம்பும் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் யாழ்ப்பாணத்து இளைஞர் மலாய் நாட்டுப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பெற்றுச் சென்றனர். அவர்களின் சம்பாத்தியம் ஊருக்குத் திரும்பியபோது பவுணாகவும் திரும்பியது. பேரரசியின் முகம் பொறித்த நாணயம் தாலிக்கொடியின் இருபுறமும் ஏறியது. பின்னர் 1970 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலே இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது, வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போயின. அவ்வருவாயும் காப்பாகவும் சங்கிலியாகவும் மாறியது. பெட்டகத்தைத் திறந்தால் குடாநாட்டின் பொருளாதார வரலாறே அடுக்கடுக்காகத் தெரியும்.

இனி, அளவு திருத்தும் முறையைச் சிறிது பார்ப்போம். மோதிரத்தைச் சற்றே பெரிதாக்குவதானால் வெட்ட வேண்டியதில்லை. நுனி சிறுத்து அடி பருத்த இரும்புக் கம்பியிலே அதனைக் கோத்து, மெல்லத் தட்டித் தட்டி விரிப்பார்கள். பொன் இளகும் தன்மையுடையதாதலால் இடங்கொடுக்கும். ஆனால், தகடு மெலியும். அதற்கு மேலும் பெரிதாக்க வேண்டுமாயின் அடிப்பக்கத்தை வெட்டி, அதே மாற்றுடைய பொன் துண்டை இடையிலே வைத்து ஒட்டல் வேண்டும். ஒட்டுவதற்குப் பயன்படுவது பொடி. பொன்னோடு பிற உலோகங்களைக் கலந்து ஆக்கப்படும் பொடி, நகை உருகுவதற்கு முன்னரே உருகிவிடும். வெங்காரத்தைத் தடவிப் பொடியை வைத்து, ஊதுகுழலாலே நெருப்பை அந்த ஓரிடத்தில் மட்டும் படுமாறு ஊதுவார் பத்தர். ஒரு மூச்சுக் குறைந்தால் ஒட்டாது. ஒரு மூச்சு மிகுந்தால் நகையே உருகிவிடும். சிறிதாக்குவதானால் வேண்டிய அளவை வெட்டி எடுத்து, முனைகளை நெருக்கி ஒட்டுவார்கள். வெட்டிய துண்டு நகைக்காரருடையது. அதனை நிறுத்துத் திருப்பிக் கொடுத்தலே நேர்மை.

கல் வைத்த நகையாயின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். சிவப்புக் கல்லும் நீலக் கல்லும் ஓரளவு சூட்டைத் தாங்கும். முத்தும் பவளமும் தாங்கா. ஆதலால் நெருப்புக்கு முன்னே அவற்றைக் கழற்றிவிடல் வேண்டும். பத்தர் அதைச் சொல்லாவிட்டால் நாம் கேட்டல் வேண்டும். சங்கிலியிலே வளையமும் வளையமும் உராயும் இடந்தான் முதலில் தேயும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அந்த இடங்களைக் காட்டிப் பார்த்துக்கொண்டால் சங்கிலி வழியிலே அறுந்து விழாது.

வீட்டிலே நகை பேணும் முறையும் எளியதே. பூவந்திக் கொட்டையை ஊறவைத்த நுரையிலே தோய்த்து, மெல்லிய தூரிகையால் தேய்த்து, நல்ல நீரிலே அலசித் துணியால் ஒற்றிவிட்டாற் போதும். புளியும் சாம்பலும் கொண்டு தேய்ப்பது பித்தளைக்குப் பொருந்தும். பொன்னைத் தேய்க்குந்தோறும் பொன் குறையும். முத்திலே புளிப்புப் படவே கூடாது. ஈரத்துணியால் துடைத்து உலரவிடுதலே அதற்குரிய முறை. கிணற்றுக்குக் குளோரின் தூள் போடும்போது மோதிரத்தையும் காப்பையும் கழற்றி வையுங்கள். அது பொன்னோடு கலந்த செம்பை அரிக்கும். பாதரசம் பட்டாலோ பொன் வெளிறிவிடும். ஒவ்வொரு நகையையும் தனித்தனித் துணியிலே முடிந்து வையுங்கள். ஒன்றோடொன்று உரசினால் மெல்லிய பொன்னிலே கீறல் விழும்.

இதுவரை சொன்னவை நல்ல காலத்துக் கதை. தீய காலத்தையும் சொல்லாமல் விடுவது வரலாற்றுக்கு அழகன்று.

1990 ஆம் ஆண்டு ஒக்தோபர் 30 ஆம் நாள் யாழ்ப்பாண நகரிலே வாழ்ந்த முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சில மணி நேரமே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. பணமும் பொருளும் பறிக்கப்பட்டன. பெண்கள் அணிந்திருந்த நகைகளும் கழற்றி வாங்கப்பட்டன. பெற்ற தந்தைக்கும் இல்லாத உரிமை என்று தேசவழமை காத்துநின்ற எல்லை அன்று நம் வீதிகளிலே மீறப்பட்டது. நாம் பேசாதிருந்தோம். இதனை நம் மாணவருக்குச் சொல்லாது மறைப்போமாயின், வரலாறு கற்பிக்கும் தகுதியை இழந்தவர்களாவோம்.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1995 ஆம் ஆண்டு அதே ஒக்தோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. பல இலட்சம் மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். நாவற்குழிப் பாலத்திலே அடியெடுத்து வைக்க இடமில்லை, மழையும் பெய்தது. அப்பொழுது நான் இளம் ஆசிரியை. என் அம்மாவும் நானும் அந்தக் கூட்டத்திலே ஒருவர் கையை ஒருவர் பற்றியபடி நடந்தோம். அம்மாவின் மடியிலே ஒரு பனையோலைக் கொட்டைப்பெட்டி. அதனுள்ளே இருந்தவற்றுள் ஒன்று ஒரு பவுண் மோதிரம்.

அம்மோதிரத்தின் கதை இது. மலாய் நாட்டிலே வேலை பார்த்த என் பூட்டனார் கொண்டுவந்த பவுணிலே அம்மம்மாவுக்காகச் செய்யப்பட்டது. அம்மாவின் திருமணத்தின்போது அது அவருக்குப் பெரிதாக இருந்தது. எங்கள் ஊர்ப் பத்தர் அடிப்பக்கத்திலே இரண்டு மஞ்சாடி நிறை அளவுக்கு வெட்டிச் சிறிதாக்கினார். வெட்டிய துண்டைக் கடதாசியிலே மடித்து அம்மம்மாவிடம் கொடுத்து, “பிள்ளையின்ர கை எப்பவும் இப்பிடியே இராது. உதைக் கவனமா வைச்சிருங்கோ” என்றாராம். முப்பது ஆண்டுகளின் பின் அம்மாவின் விரல் மூட்டுகள் வீங்கி, மோதிரம் ஏற மறுத்தது. அப்போது அந்தப் பத்தரின் மகன் தொழில் செய்துகொண்டிருந்தார். கடதாசியில் மடித்த அதே துண்டை அம்மா கொண்டுபோய்க் கொடுக்க, அவர் அதனை மீண்டும் இடையிலே வைத்து ஒட்டினார். ஆகவே, மோதிரத்திலே இரண்டு ஒட்டுகள். ஒன்று சற்றுச் சாய்ந்து நிற்கும்.

தென்மராட்சியிலே அரிசிக்காக அம்மோதிரத்தை அடைவு வைத்தோம். 1996 சித்திரையின் பின் ஊர் திரும்பினோம். சில மாதங்களில் என் சம்பளத்திலே பணம் சேர்த்து மீட்கச் சென்றபோது, அடைவுகாரர் ஒரு மோதிரத்தை எடுத்து நீட்டினார். அதே பருமன், அதே மாதிரி. நிறையும் ஏறக்குறைய ஒன்றே. நான் கையெழுத்திடப் போனேன். அம்மா அதைத் திருப்பி உட்புறத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, உது என்ர இல்லை. என்ரையிலை ரெண்டு ஒட்டு இருக்கு. ஒண்டு கோணல்” என்றார். அவர் கோபிக்கவில்லை, முடிச்சுகளையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பதினைந்தாவதோ பதினாறாவதோ முடிச்சிலே அம்மாவின் மோதிரம் இருந்தது. அது வேறொரு பெண்ணின் பெயரிலே முடியப்பட்டிருந்தது. அம்மா உட்புறத்தைப் பாராதிருந்தால் இருவரின் பொருளும் மாறியிருக்கும். சந்தடிக் காலத்தில் நேர்ந்த தவறு, வேறொன்றும் சொல்வதற்கில்லை.

அன்றுதான் நான் ஒட்டின் பெறுமதியை அறிந்தேன். நிறை ஒரு மோதிரத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டவில்லை. மாதிரியும் காட்டவில்லை. உடையவர் வாழ்ந்த வாழ்வினால் அதிலே ஏற்பட்ட தழும்பே காட்டியது.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. போரின் இறுதிக் கட்டத்திலே இராணுவத்தினர் மீட்ட நகைகளில் ஒரு தொகுதி 2025 ஆம் ஆண்டு மே மாதத்திலே பொலிசாரிடம் ஒப்படைக்கப்பட்டது. புலிகளின் வைப்பகங்களிலே பொதுமக்கள் வைத்திருந்த நகைகளும் அவற்றுள் அடங்கும் என்று சொல்லப்பட்டது. உரியவரை அடையாளங்கண்டு கொடுத்தல் வேண்டும் என்பதிலே கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், எவ்வாறு அடையாளங்காண்பது? பற்றுச்சீட்டுகள் முள்ளிவாய்க்கால் மணலிலே போயின. செய்துகொடுத்த பத்தர் பலர் இன்று இல்லை. இருப்போரிற் சிலர் கடல் கடந்து வாழ்கின்றனர். எஞ்சியிருப்பது அணிந்திருந்த பெண்ணின் நினைவு ஒன்றே: காப்பிலே விழுந்த நெளிவு, தோட்டிலே மாற்றிய திருகாணி, மோதிரத்திலே வைத்த ஒட்டு. அந்நினைவுகளைக் கேட்டு எழுதிக்கொள்வாரும், அவற்றைச் சாட்சியமாக மதிப்பாரும் வேண்டும்.

ஆதலால், நேயர்களே, மூன்று வேண்டுகோள்களைச் சொல்லி முடிக்க விரும்புகின்றேன்.

முதலாவது: பழைய நகை அளவு பொருந்தவில்லை என்பதற்காக அதனைக் கொடுத்துப் புதியது வாங்க விரையாதீர்கள். மாற்றும்போது முன்னர் கொடுத்த செய்கூலி போகும். புதிய நகைக்குச் செய்கூலியும் சேதாரமும் மீண்டும் கொடுக்க நேரும். பெரிதாக்கவும் சிறிதாக்கவும் ஆகும் செலவு அதனிலும் மிகக் குறைவு. இயந்திரத்தில் வார்த்த நகைகள் வந்தபின் வேலை குறைந்துபோன பத்தர்மார் நம்மிடையே இன்னும் இருக்கின்றார்கள். அவர்களைத் தேடிச் செல்லுங்கள். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உங்கள் கண்முன்னே நிறுக்கச் சொல்லுங்கள். வெட்டிய துண்டைக் கேட்டு வாங்கிக் கடதாசியிலே மடித்து வையுங்கள்.

இரண்டாவது: வீட்டிலே ஓர் அப்பியாசக் கொப்பி எடுத்து, ஒவ்வொரு நகைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நிறை, செய்த ஆண்டு, யாரிடமிருந்து வந்தது, எப்போது திருத்தியது, ஒட்டு எங்கே இருக்கின்றது என்பவற்றை எழுதுங்கள். கையடக்கத் தொலைபேசியிலே உட்புறத்தையும் படம் பிடித்து, அயலூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஒல்லாந்தர் காலத்திலே கிராமத்துப் பிறப்பையும் மணத்தையும் பாடசாலைத் தோம்பிலே பதிந்து வைத்தவர் உபாத்தியாயர். உங்கள் வீட்டுப் பொன்னுக்கு ஒரு தோம்பு எழுதும்படி இந்த உபாத்தியாயினி கேட்பதிலே தவறில்லை அன்றோ?

மூன்றாவது: அந்தப் பக்கத்தின் தலைப்பிலே நகைக்கு உரிய பெண்ணின் பெயரை எழுதுங்கள். வீட்டு நகை என்று பொதுவாக எழுதாதீர்கள். அடைவு வைப்பதாயினும், விற்பதாயினும், மகளுக்குக் கொடுப்பதாயினும் அவளைக் கேட்டே செய்யுங்கள். சட்டம் அவளுக்கு அளித்த சிறிய சுதந்திரம் அது. காணியிலும் அந்தச் சுதந்திரம் அவளுக்குக் கிட்டும் நாள் வருமளவும் இதனையாவது குறைக்காதிருப்போம்.

அம்மாவின் மோதிரம் இப்போது என் கையில் இருக்கின்றது. அடுத்த ஆண்டு அது என் மகளிடம் செல்லும். அவளுடைய விரல் மெலிது. மறுபடியும் வெட்டல் வேண்டும். இக்காலத்திலே லேசர் ஒளியாலே ஒட்டினால் கோடே தெரியாது என்று அவள் சொல்கின்றாள். உண்மைதான். மோதிரம் அவளுடையதாகப் போகின்றது, முடிவும் அவளுடையதே. ஒட்டுத் தெரியட்டும் என்பது என் விருப்பம் மட்டுமே. அந்த இரண்டு மஞ்சாடித் துண்டை மடித்து வைக்க ஒரு கடதாசியை மட்டும் நான் எடுத்து வைத்திருக்கின்றேன்.